பழைய காருக்கு 68,000 ரூபாய் எஸ்டிமேட்: வித்துடலாமா, ரிப்பேர் பண்ணலாமா?



"அப்பாவோட பழைய கார் இப்போ என்கிட்ட இருக்கு. சர்வீஸுக்கு விட்டா 68,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. காரை வித்தாலே 1,60,000தான் வரும். பேசாம வித்துட்டு, இஎம்ஐ-ல புதுசா ஒண்ணு எடுத்துடலாமா?"

நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இது அடிக்கடி வர்ற ஒண்ணு. தொகை மாறும், கார் மாறும், கேள்வி மாறாது. கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆனவங்க. கையில பெரிய சேமிப்பு இருக்காது. ஆனா "சம்பளம் வருதுல்ல, லோன் கிடைக்கும்ல" என்ற தைரியம் இருக்கும். அந்தத் தைரியத்துலதான் அடுத்த அஞ்சு வருஷச் சம்பளம் அடமானம் போகுது.

நான் மெக்கானிக் இல்லை, சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். ஆனா எஸ்டிமேட் என்பதும் ஒரு செலவுப் பட்டியல்தானே? செலவுப் பட்டியலை எடுத்து வெச்சுகிட்டு ஒவ்வொரு வரியையும் "இது எதுக்கு? இப்பவே வேணுமா? இதைவிடக் குறைவா முடியுமா?" என்று கேட்கிறதுதான் எங்க தொழில். இந்தப் பதிவுல ஒரு கார் எஸ்டிமேட்டை அப்படி ஆடிட் பண்ணப் போறோம். அதுக்குப் பிறகு வித்துட்டு புதுசு வாங்கினா என்ன ஆகும் என்ற கணக்கையும் போடலாம்.

உதாரணத்துக்கு ஹூண்டாய் ஐ10 காரை எடுத்துக்கிறேன். 2007 இறுதியில் அறிமுகமாகி, சுமார் பத்து வருஷம் விற்ற கார். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில தயாரானது. அதனால தமிழ்நாட்டில் எந்த ஊர்லயும் இதைத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பார், பார்ட்ஸும் கிடைக்கும். பழைய காரை வெச்சுக்கிறவங்களுக்கு இது பெரிய ப்ளஸ். உங்ககிட்ட இருக்கிறது ஸ்விஃப்ட், வேகன் ஆர், சான்ட்ரோ எதுவா இருந்தாலும் அணுகுமுறை ஒண்ணுதான்.

எஸ்டிமேட் இதுதான்

2012 மாடல் ஐ10, 1.1 லிட்டர் பெட்ரோல், 85,000 கிலோமீட்டர் ஓடியது என்று வெச்சுக்குவோம். கீழே இருக்கிற தொகைகள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்ட தோராயமான தொகைகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

1. ஸ்டீயரிங் காலம் அசெம்ப்ளி: 24,000
2. ஏசி கண்டென்சர், கேஸ்: 9,000
3. கிளட்ச் செட்: 7,500
4. டைமிங் பெல்ட், டென்ஷனர், சீல்: 6,500
5. லோயர் ஆர்ம், லிங்க் ராட்: 6,000
6. பிரேக் பேட், பின் வீல் சிலிண்டர்: 5,000
7. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் மற்றும் த்ராட்டில் பாடி க்ளீனிங்: 4,500
8. இன்ஜின் மவுண்ட்: 3,000
9. ரேடியேட்டர் ஹோஸ், கூலண்ட்: 2,500

மொத்தம் 68,000. மொத்தத்தைப் பார்த்தா மயக்கமே வரும். அதனால மொத்தத்தைப் பார்க்காதீங்க, வரியைப் பாருங்க.

ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்: "இதை ஆறு மாசம் தள்ளிப் போட்டா என்ன ஆகும்?" பதில் மூணு விதமா வரும். ஒண்ணு, உயிருக்கு ஆபத்து. ரெண்டு, இன்னைக்குச் சின்னதா இருக்கிற செலவு நாளைக்கு இன்ஜினையே இழுத்துக்கிட்டுப் போயிடும். மூணு, கொஞ்சம் எரிச்சலா இருக்கும், அவ்வளவுதான். முதல் ரெண்டும் உடனே. மூணாவது உங்க வசதிப்படி.

தள்ளிப் போடவே கூடாதவை

பிரேக். பேட் தேய்ஞ்சா கீச்சுன்னு சத்தம் வரும். பின்பக்க டிரம்முக்குள்ள இருக்கிற வீல் சிலிண்டர் கசிஞ்சா சத்தமே வராது. பிரேக் ஆயில் குறைஞ்சுகிட்டே போகும், பெடல் கொஞ்சம் ஆழமா இறங்கும். சக்கரத்தோட உள்பக்கம் ஈரமா இருந்தா உடனே ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. அதனால கசிவு இல்லாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது நல்லது. இந்த 5,000 ரூபாயில பேரம் வேண்டாம்.

டைமிங் பெல்ட். ஐ10-ல ரெண்டு பெட்ரோல் இன்ஜின் வந்துச்சு. 1.1 லிட்டர்ல ரப்பர் டைமிங் பெல்ட். 1.2 லிட்டர் கப்பா இன்ஜின்ல செயின். இது தெரிஞ்சாலே ஒரு வரியை ஆடிட் பண்ணிடலாம். உங்க கார் 1.2 ஆக இருந்து எஸ்டிமேட்ல டைமிங் பெல்ட் என்று போட்டிருந்தா, "அண்ணா, இதுல செயின்தானே?" என்று கேளுங்க. 1.1 ஆக இருந்தா, கடைசியா எப்போ மாத்தினாங்க என்று பில்லைத் தேடுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னு எடுத்துக்கிறதுதான் பாதுகாப்பு. கிலோமீட்டர் குறைவா ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். ஓடும்போது பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் இன்ஜின் ஹெட்டைக் கழட்டணும், பில் 6,500-ல நிக்காது. பெல்ட் மாத்தும்போதே டென்ஷனரையும் பக்கத்துல இருக்கிற ஆயில் சீலையும் மாத்திடுங்க. திரும்பத் திறக்கிற கூலி மிச்சம்.

ரேடியேட்டர் ஹோஸ், கூலண்ட். பட்டியல்லயே சின்னத் தொகை, அலட்சியம் பண்ணினா பெரிய நஷ்டம். பத்து வருஷம் ஆன ரப்பர் ஹோஸை இன்ஜின் ஆறின பிறகு விரலால அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தாலும் சரி, பஞ்சு மாதிரி இருந்தாலும் சரி, அதுக்கு வயசாயிடுச்சு. ஹோஸ் வெடிச்சு கூலண்ட் போச்சுன்னா டெம்பரேச்சர் முள் ஏறும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வளையக்கூட வாய்ப்பு உண்டு. முள் ஏறினா ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். டேங்க்ல குழாய்த் தண்ணி ஊத்துற பழக்கத்தையும் விட்டுடுங்க. உள்ளே உப்பும் துருவும் படியும்.

லோயர் ஆர்ம், லிங்க் ராட். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டக்கு டக்கு" என்று சத்தம் வருதா? நம்ம ரோட்டுக்கு இது சகஜம். லிங்க் ராட் மட்டும் போயிருந்தா அவசரம் இல்லை, செலவும் குறைவு. ஆனா லோயர் ஆர்ம்ல இருக்கிற பால் ஜாயிண்ட் ஆடினா அதுல விளையாடக் கூடாது. அது கழண்டா சக்கரம் ஒரு பக்கமா மடங்கிடும். காரை லிஃப்ட்ல ஏத்தி, சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிக் காட்டச் சொல்லுங்க. எது ஆடுதுன்னு உங்க கண்ணாலயே பார்க்கலாம். மாத்தின பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்க மறக்காதீங்க, இல்லைன்னா டயர் ஒரு பக்கமா தேய்ஞ்சு இன்னொரு செலவு வரும்.

பட்டியல்ல பெரிய வரி: ஸ்டீயரிங்

24,000 ரூபாய். கிட்டத்தட்ட மொத்தத்துல மூணுல ஒரு பங்கு. இங்கேதான் ஆடிட்டருக்கு வேலை.

ஐ10-ல பவர் ஸ்டீயரிங் மோட்டார்ல இயங்குறது. ஸ்டீயரிங் காலத்துல ஒரு மோட்டார் இருக்கும். மோட்டாருக்கும் கியருக்கும் நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் கப்ளிங். காலப்போக்குல அது பொடிஞ்சுடும். அதுக்கப்புறம் ஸ்டீயரிங்கை லேசா இடது வலது ஆட்டினாலே "கடக் கடக்" என்று கையில தெரியும். ஹூண்டாயின் பல மாடல்கள்ல இது தெரிஞ்ச விஷயம்தான். அந்த ரப்பர் ரொம்ப மலிவான பொருள், செலவு முழுக்கக் கூலிதான். ஆனா சில இடங்கள்ல அந்த ரப்பருக்காக முழு அசெம்ப்ளியையும் மாத்தச் சொல்வாங்க.

அதனால கேட்க வேண்டிய கேள்வி: "மோட்டார் போயிடுச்சா, கப்ளிங் மட்டும் போயிடுச்சா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" டேஷ்போர்டுல ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சாலோ, ஸ்டீயரிங் திடீர்னு கனமா ஆனாலோ அது வேற பிரச்சினை. ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட் கேளுங்க. வெறும் சத்தம்தான்னா கப்ளிங், கீழே இருக்கிற ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராக் என்று ஒவ்வொண்ணா பார்க்கச் சொல்லுங்க. கப்ளிங் வேலையை அதைச் செஞ்சு பழகினவர்கிட்ட மட்டும் கொடுங்க. ஸ்டீயரிங் விஷயத்துல புதுசா கத்துக்கிறவருக்கு நம்ம கார் பாடமாகக் கூடாது. கூலியோடு சேர்த்து 2,500 என்று வெச்சுக்குவோம். ஒரு கேள்வியில 21,500 ரூபாய் மிச்சம்.

தள்ளிப் போடலாம், ஆனா மறக்கக் கூடாது

கிளட்ச். நாலாவது கியர்ல மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்க. இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகுது. அப்போ உடனே மாத்தணும். பெடல் கொஞ்சம் கனமா இருக்கு, எடுக்கும்போது லேசா அதிருதுன்னா சில மாசம் ஓட்டலாம். ஓஎம்ஆர் மாதிரி டிராஃபிக்ல ஹாஃப் கிளட்ச்லயே ஊர்ந்து போற பழக்கம் இருந்தா கிளட்ச் சீக்கிரமே தேயும். மாத்தும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா மாத்துங்க. இதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும், கூலியில பெரும்பகுதி அதுக்குத்தான். பேரிங்குக்காக இன்னொரு தடவை இறக்கினா அதே கூலியை மறுபடியும் கொடுக்கணும்.

இன்ஜின் மவுண்ட். சிக்னல்ல ஏசி போட்டு நிக்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிரும். எரிச்சல்தான், உடனே ஆபத்து இல்லை. ஆனா ஒரு எச்சரிக்கை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் சரியில்லாம ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் இதே மாதிரி அதிரும். முதல்ல மலிவான பிளக்கைப் பார்த்துட்டு அப்புறம் மவுண்ட் பக்கம் போங்க.

ஏசி. "கேஸ் தீர்ந்துடுச்சு சார்" என்று சொன்னா நம்பாதீங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ கசியுது. ஒவ்வொரு ஏப்ரல்லயும் கேஸ் நிரப்புறவங்க, கசிவுக்கு வருஷ வாடகை கட்டுறாங்கன்னு அர்த்தம். லீக் டெஸ்ட் பண்ணி எங்கே கசியுதுன்னு காட்டச் சொல்லுங்க. கண்டென்சர்ல கசிஞ்சா மாத்தலாம். ஒரு ஜாயிண்ட்ல இருக்கிற சின்ன ஓ-ரிங்லயும் கசியலாம், அப்போ செலவு ரொம்பக் குறைவு. கணக்குக்கு முழு 9,000-ஐயே வெச்சுக்கிறேன்.

வெட்டிவிடலாம்

இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங். உங்க காரோட ஓனர் மேனுவலை எடுத்து சர்வீஸ் அட்டவணையைப் பாருங்க. அதுல இல்லாத வேலையை யாராவது சொன்னா, "என்ன அறிகுறி இருக்கு?" என்று கேளுங்க. அறிகுறி இல்லைன்னா வேண்டாம். ஐடிலிங் ஏறி இறங்கினா, சிக்னல்ல ஆஃப் ஆனா, த்ராட்டில் பாடி க்ளீனிங் மட்டும் போதும். அதுக்கு 1,000 வைப்போம்.

ஆடிட் முடிஞ்ச பிறகு

உடனே செய்ய வேண்டியவை: பிரேக் 5,000, டைமிங் பெல்ட் 6,500, ஹோஸ் 2,500, லோயர் ஆர்ம் 6,000, ஸ்டீயரிங் கப்ளிங் 2,500. மொத்தம் 22,500.

ஆறு மாசத்துக்குள்ள: கிளட்ச் 7,500, மவுண்ட் 3,000, த்ராட்டில் பாடி 1,000. மொத்தம் 11,500.

வெயில் காலத்துக்கு முன்னாடி: ஏசி 9,000.

ஆக வருஷத்துக்கு 43,000. அதுவும் ஒரே நாள்ல இல்லை, மூணு தவணையில. வட்டியில்லாத இஎம்ஐ மாதிரி. 68,000-க்கும் இதுக்கும் வித்தியாசம் 25,000. இன்னொரு விஷயம், டைமிங் பெல்ட்டும் கிளட்சும் அடுத்த வருஷம் திரும்ப வராது.

விற்பனை விலையோட ஒப்பிடாதீங்க

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். "1,60,000 ரூபாய் காருக்கு 43,000 செலவு பண்றது முட்டாள்தனம்" என்று எல்லாரும் சொல்வாங்க. கேட்க நியாயமாத்தான் தோணும். ஆனா அந்த ஒப்பீடே தப்பு. அந்த 43,000-ஐ கொடுக்கலைன்னா நீங்க நடந்து போகப் போறதில்லை, வேற கார் வாங்கப் போறீங்க. அப்போ வேற கார் வாங்கினா வருஷத்துக்கு என்ன செலவு என்பதோடதான் ஒப்பிடணும்.

புது கார்: ஆன்ரோடு விலை 7,50,000. பழையதை வித்த 1,60,000-ல 1,50,000 டவுன் பேமெண்ட். மீதி 6,00,000 லோன், 9% வட்டி, 5 வருஷம். மாச இஎம்ஐ 12,455. அஞ்சு வருஷத்துல கட்டுற வட்டி மட்டும் சுமார் 1,47,300. அஞ்சு வருஷம் கழிச்சு கார் பாதி விலைக்குப் போகும்னு வெச்சா, தேய்மானம் 3,75,000. புது காருக்கு இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 10,000 கூடுதல்னு வெச்சா 50,000. சர்வீஸ் வருஷத்துக்கு 6,000 என்றால் 30,000. எல்லாம் சேர்த்து 6,02,300. அதாவது வருஷத்துக்கு 1,20,460 ரூபாய்.

பழைய கார்: அஞ்சு வருஷத்துல 1,60,000 என்பது 80,000 ஆகும்னு வெச்சுக்கலாம். தேய்மானம் வருஷத்துக்கு 16,000. ரிப்பேர், சர்வீஸ் ரெண்டுக்கும் சேர்த்து மாசம் 4,000, அதாவது வருஷத்துக்கு 48,000. மொத்தம் 64,000.

பாதிதான் ஆகுது. பெட்ரோலும் பார்க்கிங்கும் ரெண்டுக்கும் பொது, அதனால சேர்க்கலை. முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் இடிக்கும். ரிப்பேர் 43,000, சாதாரண சர்வீஸ் 6,000, ஆக 49,000. அடுத்தடுத்த வருஷங்கள்ல அது சரியாகிடும்.

வேற மாதிரி பார்ப்போம். இஎம்ஐ-க்குப் போயிருக்க வேண்டிய 12,455-ல 4,000-ஐ காருக்கு ஒதுக்கிட்டு மீதி 8,455-ஐ மாசாமாசம் சேர்த்தா, வட்டியே இல்லாம அஞ்சு வருஷத்துல 5,07,300. பழைய காரை வித்தா 80,000. கையில 5,87,300. புது கார் எடுத்தவர்கிட்ட அதே நாள்ல 3,75,000 மதிப்புள்ள, அஞ்சு வருஷம் ஓடின கார் இருக்கும், டவுன் பேமெண்ட் போக மிஞ்சின 10,000 இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸுக்கு, ஒரே டிராஃபிக்லதான் போயிருப்பாங்க.

என் எண்கள் உங்களுக்குப் பொருந்தாம இருக்கலாம். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஆனா கணக்கு போடாம ஷோரூமுக்குப் போகாதீங்க.

பில்லும் இன்சூரன்ஸும்

"இன்சூரன்ஸ்தான் இருக்கே, க்ளெய்ம் பண்ணிடலாம்" என்று நினைக்கிறவங்க நிறைய. வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றதுக்குத்தான். தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் அதுல கிடையாது. இன்னொண்ணு, வெள்ளத்துல நின்ன காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள்ள தண்ணி போனா, இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம அந்த க்ளெய்ம் கிடைக்கிறது கஷ்டம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரங்களுக்கு இதைக் கத்துக் கொடுத்துச்சு. தண்ணியில நின்ன காருக்கு சாவி போடாதீங்க, டோ பண்ணுங்க.

2025 செப்டம்பர் 22 முதல் கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆயிடுச்சு. பில்லுல பார்ட்ஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு, வரி எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கணும். பழைய விகிதம் போட்டிருந்தா கேளுங்க. "பில் இல்லாம 18% மிச்சம்" என்ற ஆசையில விழாதீங்க. பில் இல்லைன்னா பார்ட்ஸுக்கு வாரண்டி இல்லை, விக்கும்போது காட்ட சர்வீஸ் வரலாறும் இல்லை. மாத்தின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்க, அது உங்க உரிமை.

செலவைக் குறைக்க புதுப்பேட்டை பக்கம் போகலாமா? கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட் லீவர் மாதிரி ஐட்டம்னா தாராளமா. பிரேக், பெல்ட், ஹோஸ், சஸ்பென்ஷன் எல்லாம் புதுசுதான். ரிப்பேர் பணத்தை கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் மட்டும் கட்டுற வேலையும் வேண்டாம். மாசம் 3.5% என்றால் வருஷத்துக்கு 42%. இங்கே மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்கே போயிடும்.

ஆர்சி-யையும் பாருங்க. சொந்த உபயோக காரோட பதிவு 15 வருஷம் வரைக்கும்தான். 2012 கார்னா 2027-ல ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டிப் புதுப்பிக்கணும். அது அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கிற கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. மாசம் 4,000 ஒதுக்குற பணத்துல இதுக்கும் இடம் வையுங்க.

எப்போ வித்துடணும்?

பழைய காரை எப்பவும் வெச்சுக்கணும்னு நான் சொல்லலை. இந்த அறிகுறிகள் இருந்தா யோசிக்காம வித்துடுங்க.

சைலென்சர்ல நீலப் புகை வருது, ஆயில் குறைஞ்சுகிட்டே இருக்கு, கம்ப்ரஷன் டெஸ்ட்டும் சரியில்லை. காரோட அடிப்பகுதியில, சஸ்பென்ஷன் பிடிச்சிருக்கிற இடத்துல துரு அரிச்சிருக்கு. டேஷ்போர்டு வரைக்கும் வெள்ளத்துல மூழ்கி எழுந்த கார். ரெண்டு வருஷம் தொடர்ந்து ரிப்பேர் 60,000-ஐத் தாண்டுது. கணக்குப்படி அதுவும் புது காரைவிடக் குறைவுதான். ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை ஒர்க்‌ஷாப், லீவு, ஆட்டோ செலவுன்னு உங்க நேரமும் பணம்தான்.

கடைசியா, என் கணக்குல வராத ஒண்ணு. 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற அஞ்சு சின்ன கார்களோட ஏர்பேக் இல்லாத வேரியண்ட்களை மோதிச் சோதிச்சது. ஐ10, ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ. அஞ்சுக்குமே பெரியவர்கள் பாதுகாப்புல பூஜ்யம் ஸ்டார். டிரைவர் ஏர்பேக் இங்கே எல்லா புது கார்லயும் கட்டாயமானது 2019 ஜூலையிலதான். அதனால உங்க வேரியண்ட்ல ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கான்னு பாருங்க. ஆபீஸுக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போய் வர்ற காருக்கு ஒரு கணக்கு. வாராவாரம் குடும்பத்தோட நெடுஞ்சாலையில நூறுல போறவங்களுக்கு வேற கணக்கு. அப்படிப் போறவங்க 68,000 எஸ்டிமேட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பாதுகாப்புக்காக கொஞ்சம் புது காருக்கு மாறுங்க. அதையும் அஞ்சு வருஷம் பழைய, ஏர்பேக் உள்ள செகண்ட் ஹேண்டா பார்த்தா தேய்மானத்துல பெரும்பகுதியை முதல் ஓனர் ஏற்கெனவே சுமந்திருப்பார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒண்ணு, "கார்" என்று பேர் வெச்சு மாசம் 4,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. சம்பளம் வந்த மறுநாளே போகட்டும். ரிப்பேர் எப்போ வரும்னு தெரியாது. ஆனா வரும்னு தெரியும். வரும்னு தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி இல்லை, அது பட்ஜெட்.

ரெண்டு, ஒரு நோட்டுல தேதி, கிலோமீட்டர், என்ன மாத்தினோம், எவ்வளவு என்று எழுதுங்க. அடுத்த எஸ்டிமேட் வரும்போது உங்க கையில இருக்கிற முதல் ஆயுதம் அதுதான்.

மூணு, எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. அதே அறிகுறியைச் சொல்லி இன்னொரு இடத்துலயும் கேளுங்க. முதல் இடத்துல என்ன சொன்னாங்கன்னு சொல்லாதீங்க.

இஎம்ஐ கணக்கை உங்க எண்களோட போட்டுப் பார்க்கிற முறையை சேனல்ல வீடியோவா போடறேன். உங்க கையில இப்போ ஒரு எஸ்டிமேட் இருந்தா, காரோட பேர், வருஷம், கிலோமீட்டரோட கமெண்ட்ல போடுங்க. வரி வரியா சேர்ந்து பார்க்கலாம்.

பத்திரமா ஓட்டுங்க!